அப்பத்தா கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டுங்கள்: வாய்மொழி நினைவுகளைப் பதிவுசெய்யும் முறை

இன்றைய கானா நாட்டின் அக்கான் மக்கள் சொல்லிவந்த அனான்சி என்னும் சிலந்தியின் கதைகள், அடிமைக் கப்பல்களில் வெறுங்கையோடு ஏற்றப்பட்டவர்களின் நாவிலேயே கடல் கடந்து, ஜமைக்காவில் இன்றும் சொல்லப்படுகின்றன. ஹைட்டியிலும் மார்த்தினிக்கிலும் கதைசொல்லி ‘க்ரிக்’ என்று குரல் கொடுப்பார். கூட்டம் ‘க்ராக்’ என்று பதில் கொடுத்தால்தான் கதை நகரும். நம் வீடுகளில் ‘உம்’ கொட்டுவதும் அதற்காகத்தான்.

அடிமைமுறை ஒழிந்தபின் கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் தங்கள் வழிபாட்டை இப்படியே காத்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலருகே நாம் கும்பிடும் மதுரை வீரனை, கயானாவில் இன்றும் தப்படித்து அழைக்கிறார்கள்; குவாதலூப்பில் அவர் பெயர் மால்தெவிலேன் என்று தேய்ந்திருந்தாலும் வழிபாடு நிற்கவில்லை.

மதுரையைச் சுற்றிய ஊர்களிலும் கடல் கடந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் வேலைசெய்துவந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்போது சிறுவர்களாக இருந்தவர்களே இன்று முதியவர்கள் என்பதால், பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

“உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் நான்கு வாக்கியங்களில் முடிந்துவிடும். பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டியை இறக்கி முன்னால் வைத்து, “மண்டபம் முகாமுக்கு வந்தபோது இதற்குள் என்ன இருந்தது?” என்று, இலங்கையிலிருந்து வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த அந்த முகாமை நினைவூட்டிக் கேளுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்தினாலும் அந்நேரத்தில் பொறுத்துக்கொள்ளலாம். மடித்த துண்டின்மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத் தொலைவில் கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் வைத்து, தேதி, ஊர், பேசுபவரின் பெயர் ஆகியவற்றை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேட்பவர் ஓசையின்றித் தலையசைத்தால் போதும் என்று பயிற்சிகளில் சொல்வதுண்டு. அது நேர்காணலுக்குப் பொருந்தலாம். கதைக்குப் பொருந்தாது என்பதை நான் இழந்துதான் கற்றேன். பதிவு சுத்தமாக இருக்க வேண்டுமென்று முதல் நாள் நான் வாய் திறக்காமல் இருந்ததால், கங்காணி (தோட்டத்து மேற்பார்வையாளர்) பெரட்டில், அதாவது காலையில் வேலையாட்களைக் கூட்டும் இடத்தில், பேர் வாசிக்கும் கட்டத்தில் என் அப்பத்தா பேச்சை நிறுத்தி, “கேக்குறியா, இல்லையாப்பா?” என்று என் முகத்தைப் பார்த்தார், அதன்பின் எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லி எழுந்துவிட்டார். மறுவாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை ‘உம்’ கொட்ட உட்காரவைத்தபோது, அதே கதை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. கங்காணியின் குரலையும் அவர் பேசிக்காட்டினார். ஆகவே அந்த ‘உம்’களையும் சிரிப்பையும் பதிவிலிருந்து வெட்டாதீர்கள்.

தாலாட்டை எங்கும் பாடுவார்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடத் தயங்குவார்கள். அது அபசகுனம் என்னும் எண்ணத்தை மதித்து, தோட்டத்துக்கோ களத்துமேட்டுக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஊரைவிட்டுப் போன காரணத்தைச் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். பதிவு முடிந்ததும், யார் யார் கேட்கலாம், எந்தப் பகுதி வீட்டோடு இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிவுசெய்யுங்கள்.

எழுத்தில் பெயர்க்கும்போது ‘லயன்’ (தொழிலாளர் வரிசைவீடு), ‘பெரட்டு’, ‘தொரை’ (தோட்ட அதிகாரி) போன்ற தோட்டத்துச் சொற்களைத் திருத்தாமல் ஒலித்தபடியே எழுதி, பொருளை ஓரத்தில் குறியுங்கள். ஒலிக்கோப்பின் ஒரு படி கணினியிலும், இன்னொரு படி வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

சில நாள் கழித்து அவருக்கே அதைப் போட்டுக் காட்டுங்கள். “அது அப்படியில்ல, அன்னைக்கி மழை” என்று திருத்துவார். முதற்பதிவை அழிக்காமல், திருத்தத்தையும் தேதியிட்டுத் தனிக்கோப்பாகச் சேர்த்து வையுங்கள்.