மூணே சுரம் போதும்

மண்டபம் கடற்கரையில் சாயங்காலம் சாக்ஸபோனை எடுத்தால் முதலில் இதுதான்: சுத்த தன்யாசி ராகத்தின் ச, க, ம மட்டும் வைத்து 12 பார் புளூஸ் (பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட புளூஸ் பாட்டு அமைப்பு) முழுக்க வாசிப்பேன். சுரம் குறைந்தால் தாளத்தில்தான் விளையாட வேண்டிவரும். ஜாஸின் ருசியே அங்கேதான். இரண்டு பார் வாசியுங்கள், இரண்டு பார் சும்மா இருங்கள். அந்த இடைவெளியில் அடுத்த வரியை வாய்விட்டுப் பாடுங்கள். வாயில் வராதது விரலிலும் வராது. பழகியபின் ப, நி சேர்த்து, மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்யமத்தை (சற்று உயர்ந்த ம) லேசாக உரசினால் புளூஸ் வாசனை வந்துவிடும்.

உப்புக்காற்று பொல்லாதது. வாசித்ததும் உள்ளே துணி இழுத்து, துளைகளை மூடும் பேடுகளின் ஈரத்தை ஒற்றியெடுங்கள். ஒருநாள் சோம்பலில் விட்டேன். மறுநாள் ஜி ஷார்ப் பேட் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது.