சூட்டுக்கோலால் மரத்தில் முத்திரை பதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழைத்துத் தேய்த்து முடித்த மரப்பரப்பு, முத்திரை பதிக்கும் சில நொடிகளில் கெட்டுப்போவதுண்டு. சூடு கூடக் கூடப் பதிவும் தெளிவாகும் என்ற எண்ணமே அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

முனையில் எழுத்தோ வடிவமோ பொறித்த உலோகக் கருவியான சூட்டுக்கோலைச் சிவக்கும்வரை காய்ச்சுவது முதல் தவறு. மரம் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டிலேயே கருகத் தொடங்கிவிடும். உலோகமோ 500 பாகையை ஒட்டித்தான் மங்கலாகச் சிவக்கும். அவ்வாறு சிவந்த கோலில், எழுத்துகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் அனலே மரத்தைத் தாக்கி, கோடுகளைச் சுற்றிப் பழுப்பு நிழலைப் படரவிடுகிறது. மேலோட்டமான நிழலை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். ஆழமாக இறங்கியதை நீக்க முயன்றால் முத்திரையும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சூடு போதாத கோலை வலிமையால் அழுத்தி ஈடுசெய்ய முயல்வோர், நார்களை நசுக்குவதோடு, கோலை நெடுநேரம் வைத்திருப்பதால் அக்கம்பக்கத்தையும் கருக்கிவிடுகின்றனர். போதிய சூடு இருந்தால் மிதமான அழுத்தமும் சில நொடிகளும் போதும். எழுத்துமுகம் முழுவதும் படிவதற்காகக் கோலைச் சற்றே அசைத்துக் கொடுக்கலாம், ஆனால் நகர்த்தக் கூடாது. எடுத்த கோலை மீண்டும் அதே இடத்தில் வைத்தால், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் பதிவு இரட்டையாகத் தெரியும்.

கேஸ் டார்ச்சால் சூடேற்றுவோர் சுடரை எழுத்துமுகத்தின் மீது காட்டாமல், தலைப்பகுதியின் பின்புறத்தில் காட்ட வேண்டும். அப்போது சூடு சீராகப் பரவும், நுண்ணிய கோடுகளும் கெடாது.

சோதனைப் பதிவை ஏதோவொரு கழிவுத் துண்டில் செய்வதில் பயனில்லை. அது அதே மரத்தின், அதே அளவு உலர்ந்த துண்டாக இருக்க வேண்டும். ஈரமான மரத்தில் நீர் ஆவியாகும்போதே கோலின் சூட்டை உறிஞ்சிவிடுவதால் பதிவு வெளிறிப்போகும். பைன் போன்ற மரங்களில் மென்மையான வளையங்கள் விரைவில் கருக, கடினமானவை பின்தங்குவதால், பெரிய முத்திரை திட்டுத்திட்டாகவே விழும்; அத்தகைய மரத்துக்குச் சிறிய, எளிய வடிவமே ஏற்றது என்பது என் கருத்து.

வார்னிஷ் பூசிய பின் பதிப்பதை அறவே தவிர்க்க வேண்டும்: பூச்சு உருகிக் கோலில் ஒட்டும், தீங்கான புகையும் எழும். பூச்சிகளுக்கு எதிராக இரசாயனம் ஏற்றிய மரத்திலும் சூட்டுக்கோலை வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் கோலைத் தண்ணீரில் அமிழ்த்தினால் உலோகம் வளையவோ விரிசல் விடவோ கூடும் என்பதால், தீப்பற்றாத தாங்கியில் வைத்துத் தானாக ஆறவிட்டு, பித்தளைக் கம்பித் தூரிகையால் கரியை அகற்ற வேண்டும்.