பிள்ளை வளரவில்லையா? ‘பரம்பரைக் குட்டை’ என்று விடுவதற்கு முன்

முதலில் அளவு சரியாக இருக்கட்டும். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால், பிட்டம், பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துத் தலையில் அழுத்திக் கோடு போடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாலைக்குள் 1 செ.மீ. வரை குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மாதாமாதம் அளந்தால் கவலைதான் வளரும்.

நான்கு வயது முதல் பருவமடையும் வரை ஆண்டுக்கு 5 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தாலோ, வளர்ச்சி வரைபடத்தில் 3வது சதமானக் கோட்டுக்குக் கீழே (அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் மிகக் குட்டையான மூவருக்குள்) இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, இரத்தசோகை போன்றவற்றை அவர் முதலில் விலக்குவார்.

அடுத்தது, பிள்ளை வளர்ந்து முடித்தபின் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று காட்டும் பெற்றோர் உயரக் கணக்கு. இருவர் உயரத்தையும் கூட்டி, பையனென்றால் 13 சேர்த்து, பெண்ணென்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 165, அம்மா 150 என்றால் மகனுக்கு 164, மகளுக்கு 151 செ.மீ.; இரு பக்கமும் சுமார் 8 செ.மீ. கூடலாம், குறையலாம். பெற்றோரை நேரில் அளந்தே கணக்குப் போடுங்கள். அப்பாக்கள் வாயால் சொல்லும் உயரத்தை நம்ப வேண்டாம்.

பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். அம்மாவின் உயரம் 140 என்றால் மகளும் ‘கணக்குக்குள்’ வந்துவிடுவாள். ஆனால் அம்மாவுக்கே மரபணுக் கோளாறு இருக்கலாம். எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான ஷாக்ஸ் (SHOX) மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால் முன்கையும் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியும் குட்டையாகும். சிலருக்கு மணிக்கட்டு வளைந்து, எலும்பு புடைத்துத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர வாய்ப்பு பாதிக்குப் பாதி. எனவே பெற்றோரில் ஒருவர் மிகவும் குட்டையாக இருந்தால் அவருடைய கைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளையின் இரு கைகளையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து உயரத்தோடு ஒப்பிடுங்கள். கைவீச்சு தெளிவாகக் குறைந்தால் அந்த எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பெற்றோர் சராசரி உயரம் என்பதாலும் மரபணுக் காரணத்தை ஒதுக்க முடியாது. கைகால்கள் மிகவும் குட்டையாகும் எலும்பு வளர்ச்சிக் கோளாறான அகோண்ட்ரோபிளேசியா உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு அந்த மாற்றம் புதிதாகத் தோன்றியது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில், இருவரும் நல்ல உயரமாக இருந்தும், மறைந்திருந்த ஒரே பழுது இரு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வரலாம். வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத சில வகைகள் இப்படி வருபவை. உறவுமுறையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

காரணம் புரியாமல் குட்டையாக இருக்கும் எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப் இரத்தப் பரிசோதனை தேவை. சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு டர்னர் சிண்ட்ரோம் (இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை) இருக்கிறது. குட்டை உயரம் மட்டுமே அதன் வெளி அறிகுறியாக இருக்கலாம். வயதுக்கு வரவில்லையே என்று 15 வயதில் கண்டுபிடித்தால், வளர்ச்சி ஹார்மோன் ஊசியால் பயன்பெறக்கூடிய ஆண்டுகள் பெரும்பாலும் போயிருக்கும். இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்ப்பதும் அதுவரை தள்ளிப்போயிருக்கும்.

கேரியோடைப் நார்மல் என்று வந்தால் மரபணுக் கோளாறே இல்லை என்று பொருளல்ல. அது குரோமோசோமின் எண்ணிக்கையையும் பெரிய உடைவுகளையும் மட்டுமே காட்டும். ஷாக்ஸ் பகுதி விடுபட்டிருப்பதைப் பிடிக்க எம்எல்பிஏ போன்ற தனிப் பரிசோதனை வேண்டும். இடது கை எக்ஸ்-ரேயில் எலும்பு வயது (எலும்பு எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்திருக்கிறது என்பது) உண்மை வயதைவிடப் பிந்தியிருந்து, அப்பாவும் தாமதமாக வளர்ந்தவர் என்றால் பொறுத்துப் பார்க்கலாம்; அப்போதும் ஆறு மாத அளவை விட்டுவிடாதீர்கள்.