நிறவெறி ஆட்சிக்கு உங்கள் அரசே துணை போனால் என்ன செய்யலாம்

இன்னொரு நாட்டில் ஒரு இனத்தையே மிதித்து நடக்கும் ஆட்சிக்கு நீங்கள் வாழும் நாட்டின் அரசு முட்டுக் கொடுக்கிறது என்றால், பதாகை எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஆட்சிக்குப் பணமோ பொருளோ போகும் வழியில் உங்கள் கைக்கு எட்டுவது எது என்று தேடுங்கள். வேலை செய்யும் இடம், வங்கிக் கணக்கு, கடை அலமாரி, எங்காவது ஒன்று இருக்கும்.

1970ல் அமெரிக்காவில் போலராய்டு என்ற கேமரா கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் ஒரு அடையாள அட்டை மாதிரியைப் பார்த்தார்கள், அதில் அப்போது வெள்ளையரின் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் சுரங்கத் துறைப் பெயர் இருந்தது. கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய 'பாஸ்' என்ற அனுமதிப் புத்தகத்துக்குப் படம் எடுக்கத் தங்கள் ஃபிலிம்தான் போகிறது என்று தோண்டிக் கண்டுபிடித்து, கம்பெனிக்குள்ளேயே துண்டறிக்கை ஒட்டினார்கள். ஹன்டருக்கு வேலை போனது. ஆனால் 1977ல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

அதனால் தனியாக இறங்காதீர்கள். அயர்லாந்தின் டப்ளினில் 1984 ஜூலையில் கடை ஊழியர் மேரி மேனிங் இரண்டு தென்னாப்பிரிக்க கிரேப்ஃப்ரூட்டுக்கு பில் போட மாட்டேன் என்றபோது, அந்தச் சரக்கைத் தொடக்கூடாது என்று அவருடைய தொழிற்சங்கம் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. அவரை இடைநீக்கம் செய்ததும் கூட வேலை பார்த்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று வருட வேலைநிறுத்தம் அது. 1987ல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியையே தடை செய்தது. சங்கத் தீர்மானம் முதலில், மறுப்பு அடுத்து. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

"புறக்கணித்தால் அங்கே இருக்கும் ஏழைகள்தான் கஷ்டப்படுவார்கள்" என்று கட்டாயம் சொல்வார்கள், அன்றைய பிரிட்டன் பிரதமர் தாட்சரும் அதையேதான் சொன்னார். சரி, அந்த மக்கள் என்ன கேட்கிறார்கள்? வெளிநாட்டவர் புறக்கணிக்க வேண்டும் என்று கேட்டவர்களே தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தலைவர் ஆல்பர்ட் லுதுலியும் அவருடைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும்தான். அப்படி ஒரு அழைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதைத் துண்டறிக்கையின் முதல் வரியாகப் போடுங்கள்.

வங்கிக் கணக்கை மூடுவதானால் சும்மா மூடாமல் காரணத்தைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மாணவர்கள் பல ஆண்டுகள் விடாமல் பார்க்ளேஸைப் புறக்கணித்தார்கள், 1986ல் அந்த வங்கி தென்னாப்பிரிக்காவிலிருந்து விலகியது.

அரசின் தலைவர் அசையவில்லை என்றால் உங்கள் தொகுதி உறுப்பினரைப் பிடியுங்கள். அமெரிக்க அதிபர் ரீகன் வீட்டோ போட்டு நிறுத்தப் பார்த்த, தென்னாப்பிரிக்கா மீதான தடைச் சட்டத்தை, அதே 1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. அவருடைய கட்சிக்காரர்களே பலர் அவரை எதிர்த்து வாக்களித்தார்கள்.

விசாவில் இருப்பவர்கள் கைதாகும் அளவுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். கடிதம் எழுத, கணக்குத் தோண்ட, மொழிபெயர்க்க ஆள் எப்போதும் வேண்டும், அது ஒன்றும் சின்ன வேலை இல்லை.

மறியல் என்று முடிவானால் முறைப் பட்டியல் போடுங்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தூதரக வாசலில் 1986 ஏப்ரலில் தொடங்கிய மறியல், 1990 பிப்ரவரியில் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வரும்வரை இரவும் பகலும் நடந்தது. பகல் நேரத்துக்குப் பேர் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள், பட்டியலில் குளிர்கால இரவு இரண்டு மணியை முதலில் நிரப்புங்கள்.