அலைக்கற்றை உரிமம் புதுப்பிக்கும்போது விலையைக் கணக்கிடுவது எப்படி

கைபேசிச் சேவைக்கான ரேடியோ அலைவரிசைகளை, அதாவது அலைக்கற்றையை, ஏலம் விட்டால் விலையைச் சந்தையே சொல்லிவிடும். ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே உரிமத்தை நீட்டித்தால், கணக்குப் போட்டுத்தான் விலை கட்ட வேண்டும். அந்த அலைக்கற்றை இப்போதைய நிறுவனத்துக்கு எவ்வளவு பெறும் என்று பார்க்காதீர்கள். அது இவரிடம் இருப்பதால் கிடைக்காமல் போகும் அடுத்த நிறுவனம் எவ்வளவு கொடுக்கும் என்று பாருங்கள்.

முதலில் ஒப்பிடத்தக்க ஏல விலைகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் மெகாஹெர்ட்ஸுக்கும் தலைக்கும் இவ்வளவு என்று மாற்றுங்கள்: மொத்த விலை ÷ (மெகாஹெர்ட்ஸ் × மக்கள்தொகை). இந்திய ஏலங்களில் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 'ஒரு மெகாஹெர்ட்ஸ்' என்றால் அப்லிங்குக்கு (கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு) ஒன்று, டவுன்லிங்குக்கு (கோபுரத்திலிருந்து கைபேசிக்கு) ஒன்று என ஜோடி. ஐரோப்பிய அட்டவணைகளில் பெரும்பாலும் இரண்டையும் கூட்டியே எழுதுவார்கள். கவனிக்காமல் ஒப்பிட்டால் விலை நேர்பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்து நிற்கும்.

அடுத்து, அந்த விலை போட்டியில் ஏறியதா, அடிப்படை விலையிலேயே (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) முடிந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். 700 மெகாஹெர்ட்ஸுக்கு இந்தியா முழுவதற்குமான அடிப்படை விலை 2016-இல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். 2021-இல் 6,568 கோடி. இரண்டு முறையும் சீந்துவாரில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கியபோது ஜியோ மட்டும் அடிப்படை விலைக்கே எடுத்தது. போட்டியே இல்லாத இந்த 3,927 கோடியைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த விலைக்கு வேறு யாரும் வராததால், அடுத்தவர் கொடுக்கக்கூடியதற்கு அது மேல்வரம்பு, அவ்வளவுதான். விற்காத விலைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவைதான் காட்டும்.

இனி ஆண்டுக் கணக்கு. 20 ஆண்டு உரிமம் 100 கோடி, தள்ளுபடி வீதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம்) 8% என்று வைப்போம். 10 ஆண்டு நீட்டிப்புக்கு 50 கோடி என்பது தவறு. முதல் ஆண்டுகளின் வருமானத்துக்கே மதிப்பு அதிகம். ஆண்டுக்கு ஒரு ரூபாய் 10 ஆண்டுகள் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 6.71 ரூபாய், 20 ஆண்டுகள் வந்தால் 9.82 ரூபாய். எனவே 100 × 6.71 ÷ 9.82, அதாவது சுமார் 68 கோடி.

மொத்தமாக வாங்காமல் 20 ஆண்டுக்கும் ஆண்டுக் கட்டணமாக வாங்கினால், ஆண்டு முடிவில் 10.19 கோடி, ஆண்டுத் தொடக்கத்தில் என்றால் 9.43 கோடி. கட்டணத்தைப் பணவீக்கத்தோடு உயர்த்தப் போகிறீர்களா? அப்படியானால் பணவீக்கம் கழித்த வீதத்தைப் போடுங்கள். பணவீக்கம் 4% என்றால் அந்த வீதம் 3.85%, கட்டணம் இன்றைய மதிப்பில் 7.26 கோடி. 10.19 கோடியையே வைத்துக்கொண்டு பணவீக்கத்தையும் ஏற்றினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வசூலாகும். அடிக்கடி நடக்கும் பிழை இது.

சரிபார்க்கச் செலவு முறை உண்டு: இந்த அலைக்கற்றை கூடுதலாகக் கிடைத்தால் எத்தனை கோபுரங்கள் மிச்சம், அவற்றின் நிறுவும் செலவும் பராமரிப்பும் இன்றைய மதிப்பில் எவ்வளவு. கணக்கை அடுத்த நிறுவனத்துக்குப் போடுங்கள். இப்போதைய நிறுவனத்துக்குப் போட்டால் அதன் லாபம் முழுவதையும் கறப்பதாகிவிடும்.

இரண்டு முறைகளும் ஒரே எண்ணைத் தராது. கிடைக்கும் வீச்சில் கீழ்ப்பாதியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது: விலை குறைந்தால் அரசுக்கு வருவாய் இழப்பு, கூடினால் உரிமம் திரும்பி வந்து அலைக்கற்றை சும்மா கிடக்கும்.

காரணங்களையும் எழுத்தில் வையுங்கள். பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2015-இல் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளின் ஆண்டுக் கட்டணத்தை 6.44 கோடி பவுண்டிலிருந்து 19.96 கோடியாக உயர்த்தியது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமைச்சரின் உத்தரவைப் பின்பற்றிய ஆஃப்காம், தன் மற்ற சட்டக் கடமைகளைக் கருத்தில் கொள்ளவில்லை என்பதுதான் காரணம்.