பாபினில் நூல் ஒரே பக்கம் குவிகிறதா?

தைக்கும்போது அடிநூல் சிக்குவதற்குப் பல நேரம் காரணம், பாபினில், அதாவது அடிநூல் சுற்றும் சின்ன உருளையில், நூல் சரியாகச் சுற்றாததுதான். மிஷினைக் குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

கருப்புத் தலை மிஷினில் நூல் சுற்றுவதற்கென்று மிஷினின் அடித்தட்டில், நூலை இறுக்கமாகப் பிடிக்கும் ஒரு சின்ன டென்ஷன் தகடு இருக்கும். பலர் அதில் நூலை மாட்டாமல் கையாலேயே பிடித்துச் சுற்றுவார்கள், சுற்று தளர்ந்துவிடும். தகட்டில் மாட்டியும் ஒரு பக்கம் குவிந்தால், அதன் திருகைத் தளர்த்தி, நூல் குறைவாக ஏறும் பக்கமாக லேசாக நகர்த்தி முடுக்குங்கள்.

பாலியஸ்டர் நூலை வேகமாகச் சுற்றவே வேண்டாம். இழுபட்டுச் சுற்றிய நூல் தைத்தபின் சுருங்கி, துணியையும் சுருக்கிவிடும். அப்புறம், மிச்ச நூலின் மேலேயே புது நூல் சுற்றாதீர்கள். விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம், பாபினைப் போடும் கூடான பாபின் கேஸில் சிக்கும்.