ராக், மெட்டல் கச்சேரிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எவ்வளவு தாங்குகிறோமோ அவ்வளவு பெரிய ரசிகர் என்று ஒரு நினைப்பு ராக், மெட்டல் ரசிகர்களிடம் உண்டு. காது வலித்தாலும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்பது, தண்ணீர்கூடக் குடிக்காமல் மணிக்கணக்கில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டிருப்பது, மூச்சு முட்டினாலும் பின்வாங்க மறுப்பது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கச்சேரிகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. இந்த இசையை அறுபது வயதிலும் நேரில் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் விட வேண்டியது அதைத்தான்.

காதைச் சும்மா விடுவது

இதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை என்பேன். காரணம் எளிய கணக்கு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம் என்று இறங்கிக்கொண்டே வந்தால், 100 டெசிபலில் மிஞ்சுவது வெறும் 15 நிமிடம். மெட்டல் கச்சேரிகளில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஆக, முதல் மூன்று நான்கு பாட்டிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

கச்சேரி முடிந்ததும் காதில் கீ என்று சத்தம் கேட்பது, பக்கத்தில் பேசுபவர் குரல் பஞ்சு வைத்ததுபோல அமுங்கிக் கேட்பது, இதெல்லாம் நல்ல கச்சேரிக்கு அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது காது அடிபட்டதற்கான அடையாளம். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. மேடையில் நிற்பவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக் இருவரும் தங்கள் காது இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்கள். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே மேடையை விட்டு இறங்க நேர்ந்தது. தொடர்ந்தால் கேட்கும் திறனே முழுதாகப் போய்விடலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

தீர்வு சட்டைப் பையில் அடங்கும்: இயர்பிளக். ஆனால் அதைப் போடுவதிலும் தவறு செய்கிறோம். ஃபோம் இயர்பிளக்கை அப்படியே காது வாசலில் வைத்து அழுத்தினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. சுத்தமான விரல்களால் மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உருட்டியதை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் கனமாகக் கேட்கும். ஃபோம் போட்டால் பாட்டு மந்தமாகிறது என்று குறைப்படுபவர்கள் இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக்கை வாங்கலாம். ஃபோம் உச்ச ஒலிகளைத்தான் அதிகம் வெட்டும். இது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் சிம்பலும் கிட்டாரும் தெளிவாகவே இருக்கும். இரைச்சல் மழுங்குவதால், போட்ட பிறகுதான் பாடகர் என்ன பாடுகிறார் என்பதே புரிகிறது என்று சொல்பவர்கள் நிறைய.

நண்பரிடம் பேச வேண்டும் என்று நடுவில் கழற்றுவது, கழற்றிய காதுக்குள் வாயை வைத்துக் கத்துவது, இரண்டும் வேண்டாம். குழந்தையைக் கூட்டிப் போனால் காதை முழுதாக மூடும் இயர்மஃப் கட்டாயம். வீடு திரும்பும் வழியில் ஹெட்ஃபோன் மாட்டி அதே ஆல்பத்தைப் போடாதீர்கள். காதுக்கு ஓய்வு வேண்டும். இரண்டு நாள் ஆகியும் இரைச்சலோ மந்தமோ போகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் இரண்டு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

முன்வரிசைதான் சிறந்த இடம் என்று நம்புவது

முகம் பார்க்க முன்வரிசை நல்லது. பாட்டுக் கேட்க அது பெரும்பாலும் மோசமான இடம். பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு ஓரங்களில் தொங்கும். அவற்றின் ஒலி சில வரிசைகள் தள்ளித்தான் ஒன்று சேரும். மேடைக்கு நேர் கீழே நிற்பவருக்கு டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் நேரடியாக வந்து அறையும், பாடகர் குரல் எங்கோ கேட்கும். அரங்கின் நடுவில் சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தேடுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அந்த மேசைக்குச் சற்று முன்னால் நின்றால் அவருக்குக் கேட்பதே உங்களுக்கும் கேட்கும்.

மாஷ் பிட்டை சண்டை என்று நினைப்பது

மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் இடம்தான் மாஷ் பிட். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சண்டை மாதிரிதான் தெரியும். உள்ளே ஒழுங்கு உண்டு. 2013இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மெட்டல் கச்சேரி வீடியோக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். மாஷ் பிட்டில் மோதுபவர்களின் வேகப் பரவல் வாயுவின் மூலக்கூறுகளுடையதை ஒத்திருந்தது. எல்லோரும் வட்டமாக ஓடும் சர்க்கிள் பிட் சுழலைப் போல இயங்கியது. அந்தச் சுழல்களில் பெரும்பாலானவை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றியதையும் கவனித்தார்கள். இதில் புதியவருக்கு ஒரு பாடம் இருக்கிறது: கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் ஓடுங்கள். எதிர்த்திசையில் ஓடுபவரால்தான் மூக்குகள் உடைகின்றன.

இறங்குவதற்கு முன் ஒரு பாட்டு முழுக்க ஓரமாக நின்று கவனியுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிச் சுபாவம். த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகையின் பழைய ரசிகர்கள் தோளால் தள்ளிச் சிரிப்பார்கள். பங்க் இசையிலிருந்து வந்த ஹார்ட்கோர் கூட்டத்தில் கையும் காலும் சுழலும். உள்ளே போனால் தோளைப் பயன்படுத்துங்கள், முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும், முஷ்டி கூடவே கூடாது. கூர்முனை வைத்த கைப்பட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது போட்டோவுக்கு அழகு, பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி அணிபவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளலாம். செருப்போடு வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; நாடா இறுக்கிக் கட்டிய ஷூதான்.

யாராவது விழுந்தால் உடனே தூக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, மூன்றாமவர் பின்னால் வருபவர்களைக் கையை விரித்துத் தடுப்பார். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் இதைக் கண நேரத்தில் செய்துமுடிப்பார்கள். இந்த இசையின் மீது எனக்குள்ள மரியாதைக்கு அது ஒரு முக்கியமான காரணம். தரையில் கிடந்த ஷூவோ போனோ கையில் கிடைத்தால் தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், உரியவர் தேடி வருவார்.

பிட்டின் ஓரத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஆடச் சம்மதித்தவர்கள் அல்ல. அவர்களை இழுத்துப் போடுவது, முதுகில் மோதுவது தவறு. நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்கள் மேல் கை வைப்பது குற்றம். கண்ணில் பட்டால் சும்மா இருக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டு நில்லுங்கள், பாதுகாவலரைக் கூப்பிடுங்கள்.

கூட்டத்தின் தலைக்கு மேலே கைகளில் மிதந்து போகும் கிரவுட் சர்ஃபிங் பண்ண ஆசைப்பட்டால் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள், கனமான பூட்ஸோடு ஏறாதீர்கள். ஆள் குறைவாக இருக்கும் பின்பகுதியில் ஏறினால் தலை குப்புற விழ வேண்டியதுதான். முன்னால் நிற்பவர்கள் அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து மிதந்து வரும் கால் பிடரியில் பட்டால் கழுத்துக்கு ஆபத்து.

ஆட்டத்தையும் நெரிசலையும் குழப்பிக்கொள்வது

பிட்டில் மோத இடம் இருக்கிறது. அந்த இடம் இல்லாமல் போவதுதான் நெரிசல். அதில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சுக்காற்று உள்ளே போக இடமில்லாமல் சாகிறார்கள். 1979 டிசம்பர் 3இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ கச்சேரிக்கு முன், போதிய கதவுகள் திறக்கப்படாத வாசலில் 11 பேர் இறந்தார்கள். 2000 ஜூன் 30இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் 9 இளைஞர்கள் இறந்தார்கள். பாட்டை நிறுத்திக் கூட்டத்தைப் பின்னால் நகரச் சொல்லி பாடகர் கேட்டுக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாலா பக்கமும் உடல்கள் உங்களை அழுத்துகின்றன. கையை முகம்வரை தூக்க முடியவில்லை. நீங்கள் நகராமலே கூட்டம் அலைபோல உங்களை இழுத்துப் போகிறது. அப்போது பிடித்த பாட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், முதல் அறிகுறியிலேயே வெளியேறுங்கள். இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர்போல நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தளரும் நேரத்தில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்ததை எடுக்கக் குனியாதீர்கள். முன்வரிசையில் இருந்தால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் பாதுகாவலரிடம் கையை நீட்டினால் தூக்கி வெளியே எடுப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதோடு சேர்ந்தது வெளியேறும் வழி. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் கிரேட் ஒயிட் குழுவின் கச்சேரி. மேடை வாணவேடிக்கை சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி, 100 பேர் இறந்தார்கள். வேறு கதவுகள் இருந்தும் பெரும்பாலானவர்கள் உள்ளே வந்த அதே முன்வாசலுக்கு ஓடி அங்கே சிக்கிக்கொண்டார்கள். 2015இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் கலெக்டிவ் இரவு விடுதியிலும் வாணவேடிக்கையால் மூண்ட தீயில் 64 உயிர்கள் போயின. சிறிய அரங்குக்குள் நுழைந்ததும் இன்னொரு கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைக்க அரை நிமிடம் போதும்.

கழுத்தை மறப்பது

146 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, தாளத்துக்குத் தலையை வேகமாக ஆட்டும் ஹெட்பேங்கிங் பற்றிய ஆய்வு, சராசரிப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 146 தாளத் தட்டு என்றும், அந்த வேகத்தில் தலை 75 பாகைக்கு மேல் ஆடினால் லேசான தலைக்காயம் ஏற்படலாம் என்றும் கணக்கிட்டது. மோட்டர்ஹெட் குழுவின் கச்சேரியில் தலையாட்டிய 50 வயதுக்காரர் ஒருவருக்கு மூளைக்கு மேலே இரத்தம் கட்டி, அறுவை சிகிச்சையில் பிழைத்தார் என்று 2014இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. மிக அரிதான சம்பவம், பயப்பட வேண்டாம். ஆடும் கோணத்தைக் குறைத்து, இடுப்போடு சேர்ந்து ஆடி, ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்கு ஆட்டினால் போதும். அப்புறம் நாள்கள் கழித்தும் தலைவலி கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் கச்சேரி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் குழுவைத் தவறவிடுவது

கடைசியில் வரும் முக்கியக் குழு மேடையேறும்போது போனால் போதும் என்று நினைப்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். 1986இல் பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் வாசித்த குழு மெட்டாலிகா. தாமதமாகப் போனவர்கள் அந்தக் குழுவின் கிளிஃப் பர்ட்டன் பேஸ் கிட்டார் வாசிப்பதைக் கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர் இறந்துவிட்டார். முதலில் வாசிக்கும் சிறு குழுக்களுக்குக் கிடைக்கும் ஊதியம் குறைவு; டீஷர்ட் விற்கும் காசில்தான் அடுத்த ஊருக்கு வண்டி ஓடும். பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள். கச்சேரி முடியும்வரை தள்ளிப்போட்டால் உங்கள் அளவு தீர்ந்துபோயிருக்கும்.

போனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாட்டை எடுங்கள், நெஞ்சு உயரத்தில் வைத்து எடுங்கள், பிறகு பைக்குள் வையுங்கள். டூல் போன்ற குழுக்கள் கடைசிப் பாட்டுக்கு மட்டும் படமெடுக்க அனுமதிப்பது உண்டு. அது போதுமானது என்பதே என் கருத்தும்.

புது ரசிகரை, அதிலும் பெண்களை நிறுத்தி, "டீஷர்ட் போட்டிருக்கீங்களே, மூணு பாட்டு சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்பதற்குப் பதில், முதல் தடவை வருபவர் என்று தெரிந்தால் பிட் எங்கே திறக்கும், எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுங்கள். கூடுதலாக ஒரு ஜோடி ஃபோம் இயர்பிளக் வைத்திருந்தால் அதையும் கொடுங்கள்.